நல்ல காரியத்துக்கு ஆகாத கலர்

உங்க சொந்தத்துல அடுத்து வர்ற கல்யாணத்துக்கு ஒரு கருப்புச் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிப் பாருங்க. ஆவடி பக்கம் மண்டபமா இருந்தாலும் சரி, குன்றத்தூர்ல கோயில் கல்யாணமா இருந்தாலும் சரி, வாசலைத் தாண்டுறதுக்குள்ள யாராவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ நிறுத்தி, வேற கலரே கிடைக்கலையான்னு கேட்டுடுவாங்க. நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம், புது வண்டிக்குப் பூஜை, எதுக்கும் கருப்பு ஆகாது. குழந்தை கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டும் காலில் கட்டுற கருப்புக் கயிறும் திருஷ்டிக்காக. அங்கேயும் கருப்பு அழகுக்கு இல்லை, கெட்டதை விரட்டத்தான்.

இப்போ இப்படி யோசிங்க. நீங்க ஒரு புது அமைப்பு தொடங்குறீங்க. ஊர் ஊராகப் போய் மக்கள் மனசில் பதியணும். அதுக்கு ஒரு கலர் வேணும். இந்த ஊரில் இந்தக் கலரைத் தொடுவீங்களா? சிம்போசியம் போஸ்டருக்கு நீலமா ஆரஞ்சான்னு ரெண்டு நாள் சண்டை போடுகிற நம்ம டிசைன் டீம் நிச்சயமாகத் தொடாது. 1945-ல் ஒருவர் தொட்டார். அப்போ அவருக்கு வயது 66. ஈரோடு வெங்கட்ட நாயக்கர் மகன் ராமசாமி. நமக்குத் தெரிந்த பெயர் பெரியார்.

அவருடைய கடவுள் மறுப்பை நீங்க ஏற்கிறீங்களா இல்லையா என்பது தனிப் பேச்சு, அதுக்குள்ள நான் போகலை. ஒரு கலரை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார், அதுக்கு யார் என்ன விலை கொடுத்தாங்க என்பது மட்டும்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதைச் சொல்ல அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கணும்.

அவர் 1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் பிறந்தார். இன்னைக்கு ஈரோடு என்றாலே மஞ்சள் சந்தைதான் ஞாபகம் வரும். நம்ம பண்பாட்டிலேயே ரொம்ப மங்களகரமான கலருக்குப் பேர்போன ஊர் அது! அப்பா வசதியான வியாபாரி. பையனுக்குப் படிப்பு ஏறலை. பள்ளியை நிறுத்தி, பன்னிரண்டு வயதில் அப்பாவுடைய மண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். இதை நான் முக்கியமான விஷயமாகப் பார்க்கிறேன். அவருக்குக் கிடைத்த காலேஜ் அந்தக் கடைதான். எதிரில் நிற்கிறவர் எதுக்கு மசிவார், எதுக்கு மசிய மாட்டார் என்பதைப் பேரம் பேசிப் பேசியே கற்றுக்கொண்ட ஆள்.

1898-ல் நாகம்மையைத் திருமணம் செய்தார். 1904 வாக்கில் வீட்டில் கோபித்துக்கொண்டு காசி வரை போய், அங்கே சாதி காரணமாகச் சாப்பாடு மறுக்கப்பட்டு, பட்டினியை அனுபவித்துத் திரும்பினார். பிறகு ஈரோடு நகராட்சித் தலைவர். 1919-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு காங்கிரசுக்குப் போனார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. கருப்புச் சட்டைக்காரராக நமக்குத் தெரிந்தவர் அதுக்கு முன்னால் வெள்ளைக் கதரின் விற்பனையாளர். விளையாட்டுக்குச் சொல்லலை. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். தானும் கதருக்கு மாறி, வீட்டையும் கதருக்கு மாற்றினார். வசதியான வீட்டில் பட்டும் மல்லும் உடுத்திய பெண்கள் முரட்டுக் கதருக்கு மாறினார்கள். கள்ளுக்கு எதிரான போராட்டத்தில் தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டினார். காந்தி செய்தது இன்னைக்கு நம்ம மொழியில் சொன்னால் பெரிய பிராண்டிங். ஒரு துணி, ஒரு கலர். அதைப் போட்டவுடனே நீங்க யார், எந்தப் பக்கம் என்பது எதிரில் வருகிறவருக்குத் தெரிந்துவிடும், வாயைத் திறக்கவே வேண்டாம். அதை உள்ளே இருந்து, வேர்வை சிந்தி, விற்றுப் பார்த்தவர் பெரியார். உடைக்கு இருக்கிற பலம் அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

1924-ல் வைக்கம் போராட்டத்தில் சிறை. அதே சமயத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பந்தி என்ற சண்டை. 1925 மே மாதம் குடிஅரசு வார இதழைத் தொடங்கினார். அதே வருடம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்காததால் காங்கிரசை விட்டு வெளியே வந்தார். வெளுத்த துணிக்கு உள்ளே பந்தி மட்டும் பிரிந்தே கிடக்கிறது என்பதுதான் அவர் கோபத்தின் சாரம்.

அடுத்த இருபது வருடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுயமரியாதை இயக்கம், 1929 செங்கல்பட்டு மாநாடு. 1931 கடைசியில் தொடங்கி சுமார் ஒரு வருடம் ஐரோப்பா, சோவியத் ரஷ்யா எனச் சுற்றுப்பயணம். திரும்பி வந்து சிங்காரவேலருடன் சேர்ந்து சமதர்மத் திட்டம். 1933-ல் நாகம்மை இறந்துபோனார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகச் சிறை. அந்த நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் அவருக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுத்தது. சிறையில் இருக்கும்போதே நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944 ஆகஸ்ட் 27-ல் சேலத்தில் அந்தக் கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றினார்.

கவனிச்சீங்களா, இத்தனை வருடத்தில் அவருக்கென்று ஒரு கலர் இல்லை. பேச்சு இருந்தது, பத்திரிகை இருந்தது. ஆனால் பத்திரிகையைப் படிக்க எழுத்து தெரியணும். 1951 கணக்கெடுப்பிலேயே இந்தியா முழுக்க எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம்தான். நீதிக்கட்சியின் சின்னம் தராசு. தராசைப் பார்த்து நீதி என்று புரிந்துகொள்ள, கடையில் நிறுக்கிற தராசிலிருந்து மனசு ஒரு படி மேலே ஏறணும். கலருக்கு அந்தப் படியே கிடையாது. தெரு முனையில், தூரத்தில், ஓடுகிற பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

1945-ல் கருஞ்சட்டைப் படை என்ற தொண்டர் அமைப்பு அறிவிக்கப்பட்டது. ஏன் கருப்பு? பெரியார் தரப்பு கொடுத்த விளக்கம் ரொம்ப நேரானது. இந்தச் சமுதாயத்தில் நமக்கு இருப்பது இழிநிலை. அந்த இழிவு இருக்கிறவரை அதை மறைக்காமல் உடம்பில் போட்டுக்கொண்டு நடப்போம். அவ்வளவுதான். ஒளி, வளம், வெற்றி என்று எந்த நல்ல சொல்லும் இல்லை.

நம்ம இணையத்தில் பார்க்கிற கலர் சைக்காலஜி அட்டவணைகளை இதோடு வைத்துப் பாருங்க. சிவப்பு என்றால் உற்சாகம், நீலம் என்றால் நம்பிக்கை, கருப்பு என்றால் ஆடம்பரம். விலை உயர்ந்த வாட்ச், கார், சென்ட் பாட்டிலுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் நம்ம ஊரில் கணவனை இழந்த பெண்ணுக்குக் கொடுத்த கலர் வெள்ளை. அதே வெள்ளையில்தான் வெளிநாட்டில் கல்யாணப் பெண் வருகிறாள். அட்டவணை போட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் அதை நம்பக்கூடாது. துக்கத்துக்குக் கருப்பு என்பதே நமக்கு வெள்ளைக்காரன் வழியாக வந்த பழக்கம். 1928-ல் சைமன் கமிஷனுக்குக் காட்டிய கருப்புக் கொடியால் அது எதிர்ப்பின் கலராகவும் ஆகிவிட்டது. ஆக, பெரியார் எடுத்த கருப்பில் ரெண்டு அர்த்தம் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருந்தது. ஒண்ணு, உள்ளூரில் ஆகாத கலர் என்ற பயம். இன்னொண்ணு, எதிர்ப்பு. அவருக்கு ரெண்டுமே வேணும். பாட்டி பார்த்து முகம் சுளிக்கணும். சுளித்தால்தான் ஏன் என்று பேச்சு தொடங்கும்.

1946-ல் கொடி வந்தது. கருப்புத் துணி, நடுவில் சிவப்பு வட்டம். கருப்பு இழிநிலைக்கு, சிவப்பு அதை மாற்றுகிற முயற்சிக்கு. அந்தக் கொடிக்கு மாதிரி வரைந்தபோது சிவப்பு மை கிடைக்காமல், குடிஅரசு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு இளைஞர் விரலைக் குத்தி ரத்தத்தால் வட்டத்தை வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த இளைஞர் கருணாநிதி. அப்போ அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசு.

டிசைன் கண்ணோடு பார்த்தால் எனக்கு அந்தக் கொடி மேல் ஒரு குறை உண்டு. கருப்பு மேல் வெள்ளை வைத்தால் வெளிச்ச வேறுபாடு 21:1. கருப்பு மேல் சுத்தச் சிவப்பு வைத்தால் 5.25:1 மட்டும்தான். இணையப் பக்கத்தில் சாதாரண எழுத்துக்குக் கேட்கிற குறைந்தபட்சமே 4.5:1, ஏதோ தப்பிக்கிறது. அன்றைய கருப்பு வெள்ளைச் செய்தித்தாளில் அந்த வட்டம் பின்னணியோடு கலந்துதான் தெரியும். ஆனால் பெரியாரையே பாருங்க. கருப்புச் சட்டை, அதன் மேல் விழுகிற வெள்ளைத் தாடி. அச்சு எவ்வளவு மோசமாக இருந்தாலும், சுவரில் சுண்ணாம்பை வைத்து வரைந்தாலும், இன்னைக்கு லேப்டாப் ஸ்டிக்கராக வெட்டினாலும் அந்த உருவம் நிற்கும். கலர் அச்சே தேவைப்படாத பிராண்ட் அது. இதை அவர் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்தது.

இன்னொரு வேடிக்கை. கறுப்பு, சிவப்பு என்ற ரெண்டு சொல்லுக்குமே கோபம் என்ற பொருள் உண்டு என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது. நம்ம பேச்சிலும் கோபம் வந்தால் கண் சிவக்கும், முகம் கறுக்கும். ரெண்டாயிரம் வருடப் பழக்கம் அந்தக் கொடியில் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, இப்போ விலைக்கு வருவோம். 1946 மே 11, 12 தேதிகளில் மதுரையில் கருஞ்சட்டைப் படை மாநாடு. மே மாத மதுரை வெயிலில் கருப்புத் துணி எப்படி இருக்கும் என்று தெர்மோடைனமிக்ஸ் எழுதிய நமக்குத் தெரியும். ஆனால் அங்கே பிரச்சினை வெயில் இல்லை. மாநாட்டுப் பந்தலுக்குத் தீ வைத்தார்கள். கருப்புச் சட்டை போட்டவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். கூட்டத்தில் ஓடிக் கலந்துவிட முடியாது; சட்டை காட்டிக் கொடுக்கும். வீட்டில் ரெண்டே சட்டை வைத்திருக்கிற ஒரு தொழிலாளி அதில் ஒன்றுக்குச் சாயம் ஏற்றி வந்திருப்பார். அவருக்குப் பேட்ஜைக் கழட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிற வசதி கிடையாது. லோகோ டிசைன் பற்றிப் பேசும்போது நாம் இந்த ஆளை மறந்துவிடுகிறோம். கலரைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒருவர், அதைச் சுமந்து அடி வாங்குகிறவர் இன்னொருவர்.

இந்தியாவின் வேறொரு மூலையில் இதே மாதிரி நடந்திருக்கிறது. வடமேற்கு எல்லைப்புறத்தில் அப்துல் கஃபார் கானின் தொண்டர்கள் வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் சிவப்பில் சாயம் ஏற்றினார்கள். சௌகரியத்துக்காக எடுத்த கலர். கடைசியில் உலகமே அவர்களைச் செஞ்சட்டைக்காரர்கள் என்றது. குண்டும் அந்தச் சட்டை மேல்தான் விழுந்தது.

உள்ளுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. அண்ணா இந்தச் சட்டை விஷயத்தில் பெரியாரோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. இத்தாலியில் முசோலினியின் ஆட்களும் கருஞ்சட்டைதான் போட்டார்கள். போர் முடிந்த புதுசு, அந்த ஒப்பீடு தானாகவே வரும். கலர் தேர்வில் இது பெரிய ஆபத்து. அந்தக் கலரை உங்களுக்கு முன்னால் யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்க்கணும். என் கருத்தில் அண்ணாவின் தயக்கம் நியாயமானது. 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார், அண்ணா இன்ப நாள் என்று எழுதினார். கலருக்குப் பின்னால் இருந்த மனநிலையிலேயே ரெண்டு பேரும் பிரியத் தொடங்கிவிட்டார்கள்.

1948 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. இதை விட ஒரு பிராண்டுக்கு விளம்பரம் தேவையா? அதுவரை தொண்டர்கள் மட்டும் போட்டதை, தடைக்குப் பிறகு இயக்கத்தில் இருந்த சாதாரண ஆட்களும் போட்டார்கள். படை என்ற பெயர் போய்விட்டது, சட்டை நின்றுவிட்டது.

1949-ல் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். அதை ஏற்காமல் அண்ணாவும் மற்றவர்களும் பிரிந்து செப்டம்பர் 17-ல் திமுகவைத் தொடங்கினார்கள். தேதியைப் பாருங்க, பெரியார் பிறந்தநாள். கொடியைப் பாருங்க, மேலே கருப்பு, கீழே சிவப்பு. சண்டை போட்டு வெளியே போனவர்கள் கலரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் சின்ன வட்டமாக இருந்த சிவப்பு, கொடியில் சரிபாதி ஆனது. என் பார்வையில் இது ரொம்பப் புத்திசாலித்தனமான மாற்றம். தூரத்திலிருந்து தெரியும், பக்கத்து ஊர்த் தையல்காரர் ரெண்டு துணியை ஒட்டித் தைத்தால் கொடி தயார். 1972-ல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது அதே கருப்பு சிவப்பில் நடுவே அண்ணாவின் உருவம் வெள்ளையில் வந்தது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதுக்காக சத்தியமூர்த்தி நகர் என்று ஒரு தற்காலிக ஊரையே எழுப்பினார்கள். சமதர்மப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கதர். அப்போ முதலமைச்சர் காமராஜர். குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த அவரை ஆதரித்தவர் யார் தெரியுமா? பெரியார். 1957 தேர்தலில் கருப்புச் சட்டைக்காரர்கள் வெள்ளைக் கதர் வேட்பாளர்களுக்கு ஓட்டு கேட்டார்கள். எதிரில் கருப்பு சிவப்புக் கொடியோடு திமுக. இந்தக் குழப்பத்தை எந்த மார்க்கெட்டிங் பாடப்புத்தகமும் அனுமதிக்காது. ஆனாலும் பெரியார் சட்டையை மாற்றவில்லை. காங்கிரசை ஆதரிக்கிறேன் என்பதற்காகக் கதருக்குத் திரும்பவில்லை. 1945-ல் போட்டது, எந்தக் கூட்டணி வந்தாலும் அதேதான். கலர் நிலைத்ததற்கு இந்தப் பிடிவாதம் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். லோகோவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற கம்பெனிகள் இதைக் கவனிக்கலாம்.

கருப்புக்கு மிகக் கடினமான பரீட்சை கல்யாண மேடைதான். ஐயர் இல்லை, ராகுகாலம் பார்க்கவில்லை, தாலிகூட விருப்பப்பட்டால்தான். அந்த மேடையில் நடுநாயகமாகக் கருப்புச் சட்டையில் பெரியார் உட்கார்ந்திருப்பார். கருப்புச் சேலையில் பெண்கள் வந்திருப்பார்கள். முதல் பத்தியில் நான் சொன்ன அந்த அத்தைக்கு இது எப்படி இருந்திருக்கும்! அபசகுனம் என்ற கலரையே ஆசீர்வாதம் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்து, அந்தத் தம்பதி பிள்ளை குட்டியோடு நல்லா வாழ்வதை ஊருக்குக் காட்டினார். வாதம் செய்வதை விட இது பலமானது. அந்தத் திருமணங்களுக்கு அன்று சட்டத்தில் இடம் இல்லை. 1967-ல் அண்ணா முதலமைச்சரான பிறகுதான் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லும்படியாக்கும் சட்டம் வந்தது.

கடைசிக் காலத்தில் நோய் அவரை விடவில்லை. சிறுநீருக்குக் குழாய் செருகி, அதோடே வேனில் ஊர் ஊராகப் பயணம் செய்து பேசினார். 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் கடைசிப் பேச்சு. டிசம்பர் 24-ல் வேலூர் மருத்துவமனையில் இறந்தார், வயது 94. உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டு, பிறகு வேப்பேரி பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டது. எந்த அரசுப் பதவியிலும் இல்லாதவருக்கு அரசு மரியாதை கொடுத்தவர், அப்போது முதலமைச்சராக இருந்த அந்தக் குடிஅரசு அலுவலக இளைஞர்.

சென்ட்ரலிலிருந்து நம்ம பக்கம் வருகிற பூந்தமல்லி ஹைரோடுக்கு இப்போ பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர். அந்த ரோட்டில் டிசம்பர் 24 அன்று பஸ்ஸில் போய்ப் பாருங்க. பெரியார் திடலுக்குப் போகிற கருப்புச் சட்டைகள் இருக்கும். எம்.ஜி.ஆர். இறந்ததும் 1987-ல் அதே தேதி என்பதால் மெரினா நினைவிடத்துக்குக் கிளம்பிய கருப்புச் சட்டைகளும் இருக்கும். நடுவில், மார்கழிக் குளிரில் கழுத்தில் மாலையோடு, கருப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் கொடுக்கிற கண்டக்டருக்கு இதில் யார் எங்கே இறங்குவார் என்று கேட்கவே தேவைப்படாது.